பேக்கப் இருக்கிறதாம், வாசிக்கத்தான் ஆளில்லை

2023 ஓகஸ்ட் கடைசியில் இலங்கை அரசாங்கத்தின் மூன்று மாதத்துக்கும் மேலான கடிதங்கள் காணாமற்போயின. அரச நிறுவனங்கள் பாவித்த மின்னஞ்சல் சேர்வருக்குள் கப்பம் கேட்கும் வைரஸ் ஒன்று புகுந்து எல்லாவற்றையும் பூட்டிவிட்டது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 கணக்குகள். சேர்வரை 12 மணித்தியாலத்துக்குள் திரும்ப எழுப்பினார்கள். ஆனால் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரை வந்ததும் போனதும் திரும்பி வரவில்லை. அந்தக் காலத்துக்குப் பேக்கப் இல்லை. சேர்வரோடு ஒட்டியே இருந்த பேக்கப்பும் சேர்ந்து பூட்டுப்பட்டுப் போனது. பொறுப்பாக இருந்த தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் பிறகு அறிவித்த மாற்றங்களில் ஒன்று, இனி ஒவ்வொரு நாளும் 'ஓஃப்லைன்' பேக்கப் எடுப்போம் என்பது.

கப்பம் என்ற சொல் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வளர்ந்தவர்களுக்கு வேறு நினைவுகளைக் கொண்டுவரும். அதை இன்னொரு நாள் எழுதலாம். இங்கே எங்களுக்கு வேண்டியது அந்த 'ஓஃப்லைன்' என்ற சொல். வயரைக் கழற்றி அலுமாரிக்குள் வைக்கக்கூடிய பிரதி என்பதுதான் அதன் அர்த்தம். சேர்வருக்கு வருகிற நோய் அலுமாரிக்குத் தொற்றாது. உலகத்தின் பெரிய ஆட்கள் இதற்கு இன்றைக்கும் பாவிப்பது காந்த டேப். எங்கட வயதுக்காரருக்கு டேப் என்றால் அப்பாவின் பாட்டுக் கசெட்தான். ஆனால் 2021இல் வந்த எல்டிஓ-9 டேப் ஒன்றுக்குள் 18 டெராபைட் கொள்ளும். 2011 பெப்ரவரியில் ஜிமெயிலில் ஒரு மென்பொருள் பிழையால் ஒரு பகுதிப் பாவனையாளர்களின் பெட்டிகள் வெறுமையாகிப் போயின. மொத்தத்தில் 0.02 சதவீதம்தான் என்றது கூகுள். வெவ்வேறு இடங்களில் வைத்திருந்த பிரதிகளையும் அதே பிழை தொட்டுவிட்டது. கடைசியில் அந்தக் கடிதங்களைத் திருப்பித் தந்தது அலுமாரிக்குள் இருந்த டேப்.

சரி, அப்ப எல்லாரும் டேப் வாங்குங்கோ என்று சொல்லவா வந்தோம்? இல்லை. எடுத்து வைத்துவிட்டோம் என்று நிம்மதியாகப் படுக்கிறவர்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பேக்கப் எடுப்பது பாதி வேலைகூட இல்லை என்பது எங்கள் கட்சி. எடுத்ததைத் திரும்ப வாசித்துப் பார்க்காத வரைக்கும் உங்களிடம் இருப்பது ஒரு பிளாஸ்ரிக் பெட்டி, அவ்வளவுதான்.

இதை நாங்கள் புத்தகத்தில் படிக்கவில்லை. கொட்டாஞ்சேனையில் ஓர் அச்சகம் இருக்கிறது. பெயர் வேண்டாம். திருமண அழைப்பிதழ், கோயில் திருவிழா மலர், பாடசாலைப் பரிசளிப்பு மலர், எல்லாவற்றையும் விட அதிகமாக நினைவு மலர்கள் அடித்த இடம். யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை, மற்றவர்களுக்காக: ஒருவர் காலமானால் 31ஆம் நாள் அந்தியேட்டியில் அவரைப் பற்றிய சிறு புத்தகம் ஒன்று அடித்துக் கொடுப்பார்கள். கல்வெட்டு என்று சொல்லுவதும் உண்டு. பெயரில்தான் கல், பொருள் கடதாசி. அதற்குள் தேவாரமும் படமும் இருக்கும். அதோடு இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பும், வம்சாவளியும், ஊரைப் பற்றி நாலு வரியும் இருக்கும். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து எழும்பிய சனத்துக்கு அந்த நாலு வரிதான் பல வேளைகளில் ஊரைப் பற்றி எழுத்தில் மிஞ்சியிருப்பது. எந்த ஒழுங்கைக்குள் எந்த வீடு, எந்தக் கிணறு யாருக்குப் பொது என்று அரச ஆவணத்தில் தேடினால் கிடைக்காது.

அந்த அச்சகம் தொண்ணூறுகளின் கடைசியில் கணினிக்கு மாறியபோது, யாரோ கெட்டிக்காரர் ஒருவர் ஒரு யுனிக்ஸ் சேர்வரைப் பூட்டிக் கொடுத்திருக்கிறார். பகலில் மேசைக் கணினிகளில் அடித்ததெல்லாம் இரவில் சேர்வருக்குப் போகும். அங்கிருந்து டிடிஎஸ்-3 வகை டேப்புக்குப் போகும். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய சாமான், 12 கிகாபைட் கொள்ளும். அந்தக் காலத்துக்கு அது பெரிய ஏற்பாடு. சேர்வர் எப்போதோ செத்துவிட்டது. டிரைவும் 14 டேப்புகளும் முதலாளியின் இரும்பு அலுமாரிக்குள் இருந்தன. "எல்லாம் எடுத்து வைச்சிருக்கு பிள்ளையள், ஒண்டும் போகேல்ல" என்றார் அவர். பதினைந்து வருடமாக அவர் வாடிக்கையாளர்களுக்கும் அதையே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

எங்களில் இரண்டு பேர் ஒரு பழைய லினக்ஸ் கணினிக்குள் ஸ்கஸி கார்ட் ஒன்றைப் பூட்டி, டிரைவைக் கொழுவினார்கள். டிரைவில் பச்சை லைட் எரிந்தது. டேப்பைப் போட்டால் விழுங்கியது, பொத்தானை அழுத்தினால் துப்பியது. லினக்ஸ் மட்டும் அப்படி ஒரு சாமான் தன்னிடம் இல்லை என்றது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று எழுதப் போகிறோம், ஏனென்றால் இதை யாரும் தமிழில் எழுதி வைத்ததை நாங்கள் காணவில்லை. லைட் எரிவதற்குப் பெரிய அர்த்தம் இல்லை. டிரைவுக்குக் கரண்ட் வருகிறது, மோட்டார் சுற்றுகிறது, அது மட்டும்தான் தெரிகிறது. சேர்வருக்கும் டிரைவுக்கும் இடையில் கதை நடக்கிறதா என்பது வேறு கேள்வி. அதற்குப் பதில் யுனிக்ஸ் சொல்லுகிற பிழைச் செய்திக்குள்ளேயே இருக்கும், சொல்லுக்குச் சொல் வாசித்தால். 'அப்படி ஒரு கோப்பு இல்லை' என்று வந்தால், சாதனங்களின் பெயர்கள் இருக்கும் 'டெவ்' அடைவுக்குள் உங்கள் டிரைவுக்குப் பெயரே வைக்கப்படவில்லை. 'அப்படி ஒரு சாதனம் இல்லை' என்று வந்தால், பெயர் இருக்கிறது, கூப்பிட்டால் வர ஆளில்லை. 'அனுமதி இல்லை' என்றால் டிரைவ் நலம், உங்களுக்குத்தான் உரிமை போதாது. 'வேலையாக இருக்கிறது' என்றால் வேறொரு புரோகிராம் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. 'உள்ளீட்டு வெளியீட்டுப் பிழை' என்றால் ஆள் வந்துவிட்டார், வாசிக்கத்தான் கஷ்டப்படுகிறார். இவை ஐந்தும் ஐந்து வருத்தம். நாங்கள் பார்த்த மட்டில் ஆட்கள் ஐந்துக்கும் "டிரைவ் வேலை செய்யேல்ல" என்ற ஒரே பெயரை வைத்துவிட்டு மருந்து தேடுகிறார்கள்.

மருந்து தேடும்போது இன்னொரு வில்லங்கம், யுனிக்ஸ் என்பது ஒரு குடும்பப் பெயர். சோலாரிஸில் புதிய டிரைவைப் பூட்டினால் சாதனங்களைத் திரும்ப எண்ணச் சொல்லி பூட் பண்ணவேண்டும். ஐபிஎம்மின் ஏஐஎக்ஸில் அதற்கென்று தனிக் கட்டளை. ஹெச்பி-யூஎக்ஸில் இன்னொன்று. எஸ்சிஓ யுனிக்ஸில் டேப்பைச் சேர்த்த பிறகு கேர்னலையே திரும்பக் கோர்த்துக் கட்டி, மறுபடி தொடங்கவேண்டும். பெரியம்மா வீட்டு மருந்தைச் சித்தி வீட்டில் கொடுத்தால் வேலை செய்யாது.

கீழிருந்து மேலே போவதுதான் ஒழுங்கு. கணினி எழும்பும்போது, லினக்ஸ் வரமுன்பே, ஸ்கஸி கார்ட் தன்னோடு கொழுவியிருக்கிற சாமான்களின் பட்டியலைத் திரையில் ஒரு நொடி காட்டும். அந்தப் பட்டியலில் டிரைவ் இல்லையென்றால் லினக்ஸுக்குள் எத்தனை கட்டளை அடித்தாலும் வீண். எங்கள் பட்டியல் வெறுமையாக இருந்தது. அப்படியென்றால் சந்தேகம் கேபிளிலும் எண்ணிலும் முடிவிலும். எண் என்பது, ஒரே கேபிளில் கொழுவிய ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு தனி எண் வேண்டும் என்ற விதி. கார்ட் வழக்கமாக 7ஐ எடுத்துக்கொள்ளும். இரண்டு பேருக்கு ஒரே எண் வந்தால் ஒருவரும் ஒழுங்காகத் தெரியமாட்டார்கள். எண் சரியாகத்தான் இருந்தது. கேபிளை மாற்றினோம். அப்போதும் இல்லை. டிரைவ் செத்துவிட்டது என்று முதலாளிக்குச் சொல்ல இருந்த நேரத்தில், முன்பு வங்கிகளுக்குச் சேர்வர் திருத்திய ஓர் ஐயா வெள்ளவத்தையில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனோம். காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் இடையில் ஒரு தொடர்மாடி. நாங்கள் சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "பிள்ளையள், டிரைவ் செத்துப்போச்செண்டு ஆர் சொன்னது? கேபிளின்ட கடைசியில என்ன கொழுவியிருக்கு?"

ஒன்றும் கொழுவியிருக்கவில்லை. அதுதான் வருத்தம். ஸ்கஸி கேபிளில் போகிற சைகை, கடைசி முனையில் அதை உறிஞ்சிக்கொள்ள ஒன்றும் இல்லாவிட்டால், சுவரில் பட்ட பந்து மாதிரித் திரும்பி வந்து அடுத்து வருகிற சைகையோடு முட்டும். அதற்காக இரண்டு முனையிலும் டெர்மினேட்டர் இருக்கவேண்டும், நடுவில் இருக்கக்கூடாது. கார்ட் பக்கத்து முனையைக் கார்டே பார்த்துக்கொள்ளும். மற்றப் பக்கத்துக்குத் தனியாக ஒரு சின்னக் கட்டை கொழுவவேண்டும். பம்பலப்பிட்டிக் கணினிக் கடைகளில் அந்தப் பெயரைச் சொன்னால் படம் எது என்று கேட்கிறார்கள். ஐயா ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்தார். உள்ளே ஆறேழு டெர்மினேட்டர், கேபிள் தலைகள், ஜம்பர்கள், எல்லாம் பழைய பேப்பரில் சுற்றி. கடல் காற்றுக்குப் பின்னெல்லாம் கறள் பிடிக்கும் என்று இரண்டு வருடத்துக்கு ஒருக்கால் எடுத்துத் துடைப்பாராம். "ஆரும் கேட்டு வருவினம் எண்டுதான் எறியாமல் வைச்சிருந்தனான்." எத்தனை வருடமாக ஒருவரும் வரவில்லை என்று நாங்கள் கேட்கவில்லை. போகும்போது அவர் இன்னொன்றும் சொல்லிவிட்டார்: சில பழைய டிரைவ்கள் 'டிஃபரென்ஷியல்' வகை, சாதாரண கார்டோடு ஒருநாளும் கதைக்காது, கொழுவமுன் பின்பக்கக் குறியைப் பாருங்கோ என்று. எங்களுடையது அந்த வகையல்ல.

டெர்மினேட்டரைக் கொழுவியதும் பட்டியலில் டிரைவின் பெயர் வந்தது. பிறகு லினக்ஸில் 'எஸ்டி' என்ற டேப் டிரைவரை ஏற்றினோம், 'டெவ்' அடைவுக்குள் பெயரும் வந்தது. டேப்பின் எழுதும் பூட்டைத் தள்ளிவிட்டுத்தான் உள்ளே போட்டோம். இதை மட்டும் மறக்கவே கூடாது, பழைய டேப் ஒன்றில் தவறி ஒரு சொட்டு எழுதினாலும் அதற்குப் பின்னால் இருப்பது போய்விடும். முதல் வாசிப்பில் உள்ளீட்டு வெளியீட்டுப் பிழை வந்தது. டிரைவ் எந்த அளவுத் துண்டாக எழுதினதோ அந்த அளவில் கேட்டால்தான் தரும். 'அளவு 0', அதாவது துண்டு எந்த அளவில் வந்தாலும் எடு என்று சொன்னதும் வாசிக்கத் தொடங்கியது.

14இல் 9 டேப் வாசித்தன. எட்டில் கணக்குப் புத்தகம் மட்டும் இருந்தது. கடதாசி வாங்கிய கணக்கு, மை வாங்கிய கணக்கு, சம்பளம். ஒரு மலர் இல்லை.

அலுமாரிக்குள் டேப்புகளோடு ஒரு ஃபைலும் இருந்தது. பழைய டொட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் ஒவ்வொரு நாள் காலையும் அடித்த தாள்கள். ஒவ்வொரு தாளிலும் மூன்று வரி: நினைவு மலர்கள் முடிந்தது, பாடசாலை மலர்கள் முடிந்தது, கணக்கு முடிந்தது. வருடக்கணக்காக ஒரு நாள் தவறாமல் வெற்றி. அந்தத் தாளைப் பார்த்தபோதுதான் விளங்கியது. யுனிக்ஸில் ஒரே டேப் டிரைவுக்கு இரண்டு பெயர் உண்டு. ஒரு பெயரால் கூப்பிட்டால், வேலை முடிந்ததும் டேப் தொடக்கத்துக்குச் சுற்றிக்கொள்ளும். 'என்' என்ற எழுத்துச் சேர்ந்த மற்றப் பெயரால் கூப்பிட்டால், முடிந்த இடத்திலேயே நிற்கும். மூன்று தொகுதியை ஒன்றன்பின் ஒன்றாக எழுதுவதற்கு இரண்டாவது பெயர்தான் வேண்டும். கட்டளையை எழுதியவர் முதற் பெயரைப் போட்டிருக்கவேண்டும். மலர்கள் எழுதப்பட்டன, டேப் சுற்றியது, அதன் மேலேயே பாடசாலை எழுதப்பட்டது, மறுபடி சுற்றியது, அதன் மேல் கணக்கு. கடைசித் தொகுதியின் முடிவுக் குறிக்கு அப்பால் சாதாரண டிரைவ் ஒன்று போகாது. ஒவ்வொரு இரவும் சேர்வர் சொன்னது பொய்யில்லை. எழுதும் வேலை உண்மையாகவே மூன்று தரம் முடிந்தது.

ஒரேயோர் எழுத்து. அதை ஒருவர் ஒரு தரம், ஒரேயொரு டேப்பைத் திரும்ப வாசித்துப் பார்த்திருந்தால் அன்றைக்கே பிடித்திருக்கலாம். ஐந்து நிமிட வேலை.

ஒன்பதாவது டேப் தப்பியது. அதன் மேல் நீலப் பேனையால் 'மலர்கள் – தொடவேண்டாம்' என்று எழுதியிருந்தது. அங்கே வேலை செய்த யாரோ ஒருவர் கையால் தனியாக எடுத்திருக்கிறார். யார் என்று முதலாளிக்கும் நினைவில்லை. அதற்குள் நூற்றுச்சொச்சம் நினைவு மலர்கள் இருந்தன.

திறந்தால் தமிழ் இல்லை. பாமினி எழுத்துருவில் அடித்தவை. பாமினியில் 'அம்மா' என்று அடித்தால் கணினிக்குள் சேமிப்பது நாலு ஆங்கில எழுத்தும் நடுவில் ஓர் அரைப்புள்ளியும். எழுத்துரு இருந்தால்தான் அது கண்ணுக்கு அம்மாவாகத் தெரியும். யுனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இருக்கின்றன, ஆனால் பக்கம் கட்டியது பேஜ்மேக்கரில். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்தது, இன்றைய இன்டிசைன் அதைத் திறக்காது. திறக்கிற பழைய இன்டிசைனை ஒருவரின் பழைய மடிக்கணினியில் கண்டுபிடித்தோம். ஆக டிரைவ், டெர்மினேட்டர், டிரைவர், துண்டின் அளவு, மென்பொருள், எழுத்துரு என்று ஆறு கதவு. ஒன்று திறக்காவிட்டாலும் உள்ளே இருப்பது இல்லாததற்குச் சமம். இதில் எழுத்துருக் கதவு எங்களுக்கென்றே விசேடமானது. பாமினி காலத்தில் அடித்த எல்லாத் தமிழ்க் கோப்பும் இப்ப அந்த வாசலில்தான் நிற்கிறது.

இதையெல்லாம் ஏன் இங்கே எழுதுகிறோம்? ஒவ்வொரு ஜூன் முதலாம் திகதியும் எங்கட சமூக ஊடகம் முழுக்க எரிந்த நூலகத்தின் படம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. 83 ஜூலையில் வெள்ளவத்தையில் எத்தனை வீட்டுப் புத்தக அலுமாரிகள் போயின என்பதற்கு எண்ணே இல்லை. அவை குற்றங்கள், செய்தவர்கள் இருக்கிறார்கள். ஒரு தவறான கட்டளையையும் அந்தத் தீயையும் பக்கத்தில் வைத்துச் சமன் சொல்ல நாங்கள் வரவில்லை. அப்படிச் சொல்லுவது அநியாயம். எங்களுக்கு எரிச்சல் வருவது வேறோர் இடத்தில்: அந்தப் படத்தைப் பகிர்கிற கை, தன் வீட்டில் இருக்கிற அம்மம்மாவின் நினைவு மலருக்கு ஒரு ஸ்கேன் எடுத்ததில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் இருபது வருடமாக இந்த வேலையைச் செய்கிறது, நினைவு மலர்களையும் எண்ணிமப்படுத்தி இணையத்தில் வைக்கிறது. அவர்களிடம் கொண்டுபோய்க் கொடுப்பதற்கே எங்களுக்கு நேரமில்லை. எரித்தவன் மேல் இருக்கிற கோபம் சரியானது. மிஞ்சினதைப் பார்க்காமல் விடுவதற்கு அந்தக் கோபம் சாட்டாக வரக்கூடாது.

"இப்ப எல்லாம் க்ளவுட்தானே" என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். கூகுள் டிரைவும் ஒரு வகையில் நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் போனில் அழித்தால் அங்கேயும் அழிகிற ஏற்பாட்டுக்கு ஒத்திசைவு என்று பெயர், பேக்கப் என்று பெயரில்லை. இரண்டு வருடம் திறக்காத தனிப்பட்ட கணக்குகளை அழிக்கலாம் என்று கூகுள் 2023இல் விதியை மாற்றியது. ஒருவர் இறந்தால் அவரின் கணக்கை யார் திறந்து பார்க்கப் போகிறார்கள்? அவரின் படங்களை வைத்து அந்தியேட்டி மலர் அடித்து இரண்டு வருடத்துக்குப் பிறகு அந்தப் படங்கள் இருக்குமா? அரசாங்கத்தின் மின்னஞ்சலும் க்ளவுடில்தான் இருந்தது.

காசு இல்லை என்பார்கள். ஓரளவு உண்மை. ஒரு சிறிய அச்சகத்துக்கு எல்டிஓ டிரைவ் வாங்கு என்று சொல்லுவது பகிடி. அந்த டிரைவிலும் ஒரு கண்ணி இருக்கிறது. எல்டிஓ-8 டிரைவ் தன் வகையையும் அதற்கு முந்திய எல்டிஓ-7ஐயும் மட்டும்தான் வாசிக்கும். டேப் முப்பது வருடம் கிடந்தாலும், வாசிக்கிற டிரைவ் கடையிலிருந்து பத்து வருடத்தில் போய்விடும். ஆகவே சின்ன இடங்களுக்கு இரண்டு வெளி ஹார்ட் டிஸ்க் போதும், ஒன்று கடையில், ஒன்று வேறொருவர் வீட்டில். அதற்கு மேல் வேண்டியது வருடத்தில் ஒரு நாள். அந்த நாளில் ஒரு டிஸ்க்கை எடுத்து, அதை எழுதாத வேறொரு கணினியில் கொழுவி, ஏதாவது பத்துக் கோப்பைத் திறந்து, தமிழ் தமிழாகத் தெரிகிறதா என்று கண்ணால் பார்க்கவேண்டும். கொழும்பில் இருக்கிற பழைய மாணவர் சங்கங்கள் இரவு விருந்துக்கு மண்டபம் பிடிக்கிற காசில் ஒரு கால்வாசி இதற்குப் போதும். கோபிப்பார்கள், பரவாயில்லை.

பழைய சாமானை எறிகிற பழக்கத்தைப் பற்றியும் ஒன்று. 1966, 67இல் நாசா நிலவைச் சுற்ற அனுப்பிய லூனர் ஓபிட்டர் கலங்களின் படங்கள் காந்த டேப்பில் பத்திரமாக இருந்தன. அவற்றை வாசிக்கிற ஆம்பெக்ஸ் இயந்திரங்கள்தான் எங்கும் இல்லாமல் போக இருந்தன. நான்ஸி எவன்ஸ் என்ற ஆவணக்காப்பாளர் அவற்றில் நாலைத் தன் வீட்டுக் கராஜில் வருடக்கணக்காக வைத்திருந்தார். பிறகு மூடிப்போன மக்டொனால்ட்ஸ் கடை ஒன்றுக்குள் அவற்றை வைத்துத் திருத்தி, 2008இல் நிலவுக்கு மேலால் பூமி தெரிகிற அந்தப் பழைய படத்தை முன்பு ஒருவரும் பார்த்திராத துல்லியத்தில் எடுத்தார்கள். நாசாவிடமே ஒரு கராஜ் தேவைப்பட்டது. எங்களிடம் ஒரு பிஸ்கட் டின் இருக்கிறது. அதன் சொந்தக்காரருக்கு எழுபது தாண்டிவிட்டது. அவருக்குத் தெரிந்ததை எழுதி எடுக்க எங்களில் இருவர் இப்ப ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறார்கள். எழுத எழுத நீளுகிறது.

அச்சகத்தின் ஐந்து டேப் இன்னும் வாசிக்கவில்லை. அவற்றில் இரண்டை டிரைவ் போட்டவுடனேயே துப்புகிறது, தலையைத் துடைக்கும் கசெட் போட்டும் பலனில்லை. வேறொரு டிரைவில் வாசிக்கக்கூடும் என்கிறார் ஐயா, எழுதின டிரைவின் தலை கொஞ்சம் சரிந்திருந்தால் அப்படி நடக்கும் என்று. ஆகவே கேட்கிறோம்: உங்கள் அலுவலகத்திலோ, மாமா ஒருவரின் களஞ்சிய அறையிலோ டிடிஎஸ்-3 அல்லது டிடிஎஸ்-4 டிரைவ் கிடந்தால் பழைய இரும்புக்காரருக்குக் கொடுக்கவேண்டாம். வேலை செய்யாவிட்டாலும் பரவாயில்லை. அதன் கேபிளையும், கேபிளின் கடைசியில் கொழுவியிருக்கிற அந்தச் சின்னக் கட்டையையும் சேர்த்துத் தாருங்கள்.